நிணநீர் மசாஜ் செய்துகொள்ளும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிணநீர்த் தேக்கத்தால் கை கால் வீங்கியவர்களுக்குச் சிகிச்சையளிக்கும் இயன்முறை மருத்துவப் பணியில் இருப்பதால், இந்த மசாஜைப் பற்றி ஒரே விதமான சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். கேட்டவர்களின் வாக்கிலேயே அவற்றைத் தொகுத்து, இயன்றவரை எளிமையாகப் பதில் எழுதியிருக்கிறேன். உங்களை நேரில் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக ஏதேனும் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே பின்பற்றுங்கள்.

நிணநீர் மசாஜ் என்கிறார்களே, அது சாதாரண மசாஜிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

நுண்ணிய இரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் எப்போதும் நீர் கசிந்துகொண்டிருக்கிறது. அந்த நீரையும் அதிலுள்ள புரதத்தையும் தனியாக ஒரு குழாய்த் தொகுதி சேகரித்து, வழியிலுள்ள நிணநீர்க் கணுக்களில் வடிகட்டி, கழுத்தடியில் காறையெலும்புக்குப் பின்னால் இருக்கும் பெரிய சிரைகளில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இதுவே நிணநீர். நாளொன்றுக்கு 2 முதல் 3 லிட்டர் வரை இப்படி இரத்தத்துக்குத் திரும்புவதாக உடலியங்கியல் நூல்கள் கூறுகின்றன. இந்தப் பாதை எங்காவது அடைபட்டாலோ அறுபட்டாலோ, புரதம் நிறைந்த நீர் தோலுக்கடியில் தேங்கி, உறுப்பு வீங்குகிறது.

சாதாரண மசாஜ் இறுகிய தசையை இலக்காகக் கொண்டு அழுத்திப் பிசைகிறது. நிணநீர் மசாஜ் தோலை மட்டும் இலக்காகக் கொண்டது. சிகிச்சையாளர் உள்ளங்கையைத் தோலின் மேல் வைத்து, தோல் எவ்வளவு தூரம் நகருமோ அவ்வளவு தூரம் மெதுவாக நகர்த்தி, பிறகு கையைத் தளர்த்தித் தோல் தானாகத் திரும்பிவர விடுகிறார். டென்மார்க்கைச் சேர்ந்த எமில் வாடர், அவருடைய மனைவி எஸ்ட்ரிட் வாடர் ஆகிய இருவரும் 1930-களில் பிரான்ஸின் கான் நகரில் பணியாற்றியபோது உருவாக்கிய முறை இது. 1936-இல் பாரிஸில் இதை அறிமுகப்படுத்தினார்கள். பின்னர் ஜெர்மனியில் மிகாயேல் ஃபெல்டியும் அவருடைய மனைவி எட்டெல்காவும் இதைக் கட்டுப்போடுதல், உடற்பயிற்சி, தோல் பராமரிப்பு ஆகியவற்றோடு இணைத்து ஒரு முழுமையான சிகிச்சையாக வளர்த்தெடுத்தார்கள்.

இவ்வளவு மெதுவாகத் தடவினால் என்ன பயன்? கொஞ்சம் அழுத்திச் செய்தால் சீக்கிரம் வடியாதா?

வடியாது. நிணநீரை முதலில் உறிஞ்சும் நுண்குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே இருக்கின்றன. அவற்றின் சுவர்களை மெல்லிய இழைகள் சுற்றியுள்ள திசுவோடு பிணைத்திருக்கின்றன. தோல் இலேசாக இழுபடும்போது அந்த இழைகளும் இழுபட்டு, குழாயின் சுவர் திறந்து நீரை உள்ளே விடுகிறது. பலமாக அழுத்தினால் இந்த நுண்குழாய்கள் நசுங்கி மூடிக்கொள்கின்றன. அதோடு, அழுத்திப் பிசைவதால் அந்த இடத்துக்கு இரத்த ஓட்டம் கூடி, கசியும் நீரும் கூடிவிடுகிறது. ஆகவே, இந்த மசாஜின்போது வலித்தாலோ தோல் சிவந்தாலோ அது தவறாகச் செய்யப்படுகிறது என்று பொருள். அப்போதே சொல்லி நிறுத்தச் செய்யுங்கள்.

கால்தானே வீங்கியிருக்கிறது, ஏன் கழுத்தில் ஆரம்பிக்கிறார்கள்?

கடைமடையில் தண்ணீர் வெளியேற வழி செய்யாமல் தலைமடையைத் திறந்தால் வயலில் நீர் தேங்கத்தான் செய்யும். நிணநீர் இறுதியாகச் சென்று சேருமிடம் கழுத்தடி என்பதால் முதலில் அங்கே வழி ஏற்படுத்தப்படுகிறது. அடுத்து வயிறும் தொடையிடுக்கும், பிறகு தொடை, அதன் பிறகு முழங்கால், கடைசியாகத்தான் பாதம். ஒவ்வொரு கட்டத்திலும் நீவும் திசை உடலின் நடுப்பகுதியை நோக்கியே இருக்கும். வந்தவுடன் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி உருவத் தொடங்குகிறவர் இந்த முறையைப் பயின்றவராக இருக்க வாய்ப்பில்லை.

எனக்குச் சாயங்காலம் ஆனால் கால் வீங்கிவிடுகிறது. நேராக வந்து இந்த மசாஜ் செய்துகொள்ளலாமா?

நேராக வராதீர்கள். இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள் என்பேன். கால் வீக்கம் ஒரு நோயல்ல. பல நோய்களுக்கும், சில மருந்துகளுக்கும் கூட, அது பொதுவான அடையாளம். இதயம் பலவீனமானால் கால் வீங்கும், சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டால் வீங்கும், தைராய்டு குறைந்தாலும் உடலில் புரதம் குறைந்தாலும் வீங்கும், கால் சிரைகளின் வால்வுகள் பழுதானாலும் வீங்கும். இரத்த அழுத்தத்துக்காகப் பலர் உண்ணும் அம்லோடிபின் மாத்திரையாலும் கணுக்கால் வீங்குவதுண்டு. அந்த வீக்கத்துக்கு மருந்தை மாற்றித் தருவதுதான் தீர்வு. அதையும் மருத்துவர்தான் செய்ய வேண்டும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

வீட்டிலேயே கவனிக்கக்கூடிய சில அடையாளங்கள் உண்டு. இரண்டு கால்களும் ஒரே அளவில் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து, படிக்கட்டு ஏறும்போது மூச்சும் வாங்கினால் முதலில் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பார்க்க வேண்டும். நீண்ட பயணத்துக்குப் பிறகோ, அறுவை சிகிச்சைக்குப் பிறகு படுக்கையில் இருந்தபோதோ, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால் அது சிரைக்குள் உறைந்த இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதன் மேல் எந்த மசாஜும் கூடாது. கட்டி பெயர்ந்து நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

நிணநீர் வீக்கத்துக்கென்று உள்ள ஓர் அடையாளத்தை மெட்டி அணியும் பெண்கள் எளிதில் கண்டுகொள்வார்கள். கால் கட்டைவிரலுக்கு அடுத்த விரலின் அடிப்பகுதித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். இயல்பான காலில் தோல் மடிப்பாக மேலே வரும். நிணநீர் தேங்கிய காலில் அந்த இடம் தடித்து, கிள்ளவே வராது. மருத்துவர்கள் ஸ்டெம்மர் சோதனை என்று சொல்வது இதைத்தான். தோல் கிள்ள வருவதாலேயே நிணநீர் வீக்கம் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. தொடக்க நிலையில் இந்த அடையாளம் தெரியாமல் போகலாம்.

யாரெல்லாம் கண்டிப்பாகச் செய்துகொள்ளக் கூடாது?

கட்டுக்குள் வராத இதயச் செயலிழப்பு உள்ளவர்கள், சிரையில் புதிதாக இரத்தக் கட்டி உண்டானவர்கள், கடுமையான சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்கள், காய்ச்சலோ தோலில் கிருமித்தொற்றோ இருப்பவர்கள் ஆகியோர் அந்த நிலை மாறும்வரை செய்துகொள்ளக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கும், கழுத்துத் தமனியில் அடைப்பு உள்ள முதியவர்களுக்கும் கழுத்துப் பகுதியைத் தவிர்க்க வேண்டும். அண்மையில் வயிற்றில் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் வயிற்றுப் பகுதியைத் தவிர்க்க வேண்டும்.

இதய நோயாளி என்றால் மெதுவாகச் செய்தால் போதாதா? எங்கள் பாட்டிக்குக் கால் கனக்கிறது என்று மிகவும் வருந்துகிறார்கள்.

வேகம் இங்கே பிரச்சினை இல்லை. காலில் தேங்கிய நீரை வெற்றிகரமாக மேலே அனுப்பினால் அது போய்ச் சேருமிடம் இதயம்தான். வருகிற இரத்தத்தையே வெளியே தள்ள முடியாமல் திணறும் இதயத்துக்கு அது கூடுதல் சுமையாகி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளக்கூடும். சிகிச்சை நன்றாக நடந்தாலே அவருக்கு ஆபத்து என்பதுதான் இதிலுள்ள சிக்கல். பாட்டியை இதய மருத்துவரிடம் காட்டி, மருந்தின் அளவைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். இதயத்தின் நிலை சீரானபின், அந்த மருத்துவரின் சம்மதத்தோடு, குறைந்த நேரத்தில் தொடங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

உடலிலுள்ள நச்சுகளை வெளியேற்றி எடையைக் குறைக்கும் என்று விளம்பரத்தில் பார்த்தேன். உண்மையா?

கழிவுகளைப் பிரித்து வெளியேற்றும் வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் செய்கின்றன. ஆரோக்கியமான உடலில் நிணநீர் ஓட்டம் யாருடைய உதவியுமின்றி நடக்கிறது. நாம் நடக்கும்போதும் மூச்சை இழுத்து விடும்போதும் அது தூண்டப்படுகிறது. இந்த மசாஜ் கொழுப்பைக் கரைக்காது. செய்து முடித்தவுடன் இடுப்பிலோ தொடையிலோ சற்றுக் குறைந்த அளவு காட்டினால் அது இடம் மாறிய நீர்தான். விரைவிலேயே பழைய அளவு திரும்பிவிடும். முகத்துக்குச் செய்யும் உருளைகளுக்கும் கற்களுக்கும் இதே பதில்தான்.

உடல் தளர்ந்து இதமாக இருக்கிறது, நன்றாகத் தூக்கம் வருகிறது என்பதற்காக ஒரு ஆரோக்கியமானவர் செய்துகொண்டால் அதில் தவறில்லை. எடை குறையும் என்று நம்பிப் பணம் கட்டுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். கை வீங்குமா? வீங்குவதற்கு முன்பே மசாஜ் செய்துகொள்ளலாமா?

எல்லோருக்கும் வீங்குவதில்லை. அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களை மொத்தமாக அகற்றியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்குக் கை வீக்கம் வருகிறது. முதல் காவல் கணுவை, அதாவது கட்டியிலிருந்து வரும் நிணநீர் முதலில் சென்று சேரும் கணுவை, மட்டும் எடுத்துச் சோதித்தவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கே வருகிறது. கதிர்வீச்சும் உடற்பருமனும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிகிச்சை முடிந்து சில ஆண்டுகள் கழித்தும் வரலாம் என்பதால், உங்களுக்கு எத்தனை கணுக்கள் எடுக்கப்பட்டன என்பதை மருத்துவமனைச் சுருக்க அறிக்கையில் பார்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அறிகுறிகள் அன்றாடப் பொருள்களில் தெரியும். ஒரு கையில் வளையல் ஏற மறுக்கும். ரவிக்கையின் ஒரு பக்கக் கை மட்டும் இறுகும். மோதிரம் தழும்பு பதிக்கும். கை வீங்காமலேயே கனப்பதுபோலத் தோன்றும். அந்த நிலையிலேயே வந்தால் பலன் மிகுதி. நாடாவால் இரு கைகளின் சுற்றளவையும் ஒரே இடங்களில் அளந்து மாதம் ஒருமுறை குறித்துவருவது, வீக்கமில்லாத கைக்கு மசாஜ் செய்துகொள்வதைவிடப் பயனுள்ளது என்பது என் கருத்து.

மசாஜின் பலன் எவ்வளவு என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, மார்பகப் புற்றுநோய்க்குப் பின் வரும் கை வீக்கத்தில் இந்த மசாஜ் பாதுகாப்பானது என்றும், அழுத்தக் கட்டோடு சேர்த்துச் செய்யும்போது வீக்கம் கூடுதலாகக் குறையக்கூடும் என்றும், அந்தக் கூடுதல் பலன் இலேசான மற்றும் நடுத்தர வீக்கம் உள்ளவர்களுக்கே மிகுதி என்றும் கூறியது.

மசாஜ் செய்தால் புற்றுநோய் பரவிவிடும் என்கிறார்களே?

நிணநீர்ப் பாதை வழியாகப் புற்றணுக்கள் செல்ல முடியும் என்பதால் எழுந்த அச்சம் இது. நியாயமான அச்சமும் கூட. ஆனால் இந்த மசாஜால் நோய் பரவியதாக நிரூபணம் எதுவுமில்லை. இருந்தாலும் கட்டி இருக்கும் இடத்தின் மேலோ, கதிர்வீச்சு நடந்துகொண்டிருக்கும் தோலின் மேலோ கை வைப்பதில்லை. சிகிச்சை பெற்றுக்கொண்டிருப்பவர்களுக்குப் புற்றுநோய் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான சம்மதத்தைப் பெற்ற பிறகே தொடங்குகிறோம். சிகிச்சை முடிந்து நலமாக இருந்தவருக்குக் கை திடீரென்று வீங்கினாலோ வலித்தாலோ, நோய் திரும்பவில்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

அந்தக் கையில் பி.பி. பார்க்கக் கூடாது, குடம் தூக்கக் கூடாது என்கிறார்கள். ஆயுள் முழுவதும் அப்படித்தானா?

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை பழைய அறிவுரை மாறிவிட்டது. அமெரிக்காவில் கை வீக்கம் ஏற்கனவே உள்ள பெண்களுக்குப் படிப்படியாக எடை தூக்கும் பயிற்சி கொடுத்து நடத்தப்பட்டு, 2009-இல் வெளியான ஆய்வில் வீக்கம் கூடவில்லை. அறிகுறிகள் குறைந்தன, வலிமையும் கூடியது. ஆகவே கையை முடக்கி வைக்காதீர்கள். சிறு எடையில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். இரத்த அழுத்தம் பார்ப்பதாலும் ஊசி போடுவதாலும் வீக்கம் வருகிறது என்பதற்கு அண்மை ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. இருந்தாலும் மறு கை இருக்கும்போது அதைப் பயன்படுத்துவதில் நட்டமில்லை. அவசர நேரத்தில் வேறு வழியின்றி அந்தக் கையில் ஊசி போட நேர்ந்தால் பதற வேண்டாம்.

எங்கள் ஊர்ப் பக்கம் யானைக்கால் நோய் உண்டு. அதற்கும் இந்த மசாஜ் உதவுமா?

யானைக்கால் நோயும் நிணநீர் வீக்கமே. கொசுக்கடியால் உடலுக்குள் சேரும் ஃபைலேரியா புழுக்கள் நிணநீர்க் குழாய்களுக்குள் பல ஆண்டுகள் வாழ்ந்து, அவற்றை விரிவடையச் செய்து பழுதாக்கிவிடுகின்றன. அரசு வழங்கும் டி.ஈ.சி., அல்பெண்டசோல் மாத்திரைகள் இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை ஒழித்து நோய் மற்றவருக்குப் பரவுவதைத் தடுக்கின்றன. இலங்கை இந்த வழியில் உழைத்து, யானைக்கால் நோய் இனி அங்கே பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்ற உலக சுகாதார நிறுவனத்தின் அங்கீகாரத்தை 2016-இல் பெற்றது. ஆனால் ஏற்கனவே வீங்கிய கால் மாத்திரையால் மட்டும் வடிந்துவிடாது.

இங்கே மசாஜைவிட முதன்மையானது காலைக் கழுவுவது. கேட்பவர்கள் ஏமாற்றம் அடைகிறார்கள், ஆனாலும் சொல்லியாக வேண்டும். தினமும் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு, தோல் மடிப்புகளுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி, ஈரம் துளியும் இல்லாமல் உலர்த்த வேண்டும். வயலில் நிற்பவர்களுக்கு வரும் சேற்றுப்புண் பார்வைக்குச் சிறியது. அந்த வெடிப்பு வழியாகத்தான் கிருமிகள் உள்ளே போகின்றன. தொடையிடுக்கில் நெறி கட்டி, குளிர் காய்ச்சல் வந்து, கால் சிவந்து சூடாவது அதனால்தான். ஒவ்வொரு முறை அப்படிக் காய்ச்சல் வந்து போகும்போதும் இன்னும் சில குழாய்கள் பழுதாகி, கால் இன்னும் கொஞ்சம் பருக்கிறது. சேற்றுப்புண்ணுக்கு மருந்து போட்டு, செருப்பில்லாமல் நடப்பதைத் தவிர்த்தால் காய்ச்சல் வருவது குறைகிறது. இந்த அடித்தளம் இருந்தால்தான் மசாஜும் கட்டும் பயன் தரும்.

மசாஜ் மட்டும் போதாதா? இந்த வெயிலில் கட்டும் காலுறையும் போட முடியவில்லையே.

போதாது. நீவி வெளியேற்றிய நீர், நீங்கள் எழுந்து நின்றதும் புவியீர்ப்பால் மீண்டும் இறங்கத் தொடங்கும். வீக்கம் திரும்பாமல் பிடித்து வைப்பது அழுத்தக் கட்டுதான். நீளாத வகைக் கட்டுத்துணிதான் இதற்கு ஏற்றது. நடக்கும்போது தசை விரிந்து அந்தத் துணியில் மோதுவதால் உள்ளே நீர் தள்ளப்படுகிறது. கடையில் எளிதாகக் கிடைக்கும் கிரேப் பேண்டேஜ் தசையோடு சேர்ந்து நீண்டுவிடுவதால் அந்த வேலையைச் செய்யாது. மேலே இறுக்கியும் கீழே தளர்த்தியும் கட்டினால் பாதம் இன்னும் வீங்கும். வீக்கம் குறைந்து நிலைத்தபின், அளவெடுத்துத் தயாரித்த காலுறையோ கையுறையோ அணியலாம்.

வெயில் உண்மையான தடைதான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். காலையில் எழுந்ததும், கால் வீங்கும் முன்பே அணியுங்கள். நண்பகலில் வியர்த்தால் கழற்றித் துடைத்துவிட்டு மாற்று உறையை அணியுங்கள். இதற்காகவே இரண்டு உறைகள் வேண்டும். தினமும் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். சுமார் ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும் என்பதால் புதிது வாங்கும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் வர வேண்டும்? ஆடையைக் கழற்ற வேண்டுமா?

தீவிரக் கட்டம் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம். வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொரு நாளும் சுமார் ஒரு மணி நேரம் மசாஜும், பிறகு கட்டும். அதன் பிறகு பராமரிப்பு உங்கள் கையில். சிகிச்சை நடக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றப் பகுதிகளைத் துணியால் மூடி வைப்பதே முறை. பெண்கள் பெண் சிகிச்சையாளரைக் கேட்கலாம். உறவினர் ஒருவரை அறையில் இருக்கச் செய்யலாம். இதைக் கேட்கத் தயங்கவே வேண்டாம்.

எண்ணெய் தேய்த்து நீவுகிற வைத்தியமும் இதுவும் ஒன்றுதானே?

எண்ணெய்க் குளியலுக்கும் எண்ணெய் மசாஜுக்கும் அவற்றுக்குரிய சுகம் உண்டு. இந்த மசாஜுக்குக் கை தோலைப் பற்றிக்கொள்ள வேண்டும், எண்ணெய் தடவினால் கை வழுக்கிவிடும். எனவே பெரும்பாலும் எண்ணெயில்லாமலேயே செய்கிறோம். வீங்கிய காலில் எண்ணெய் விட்டு அழுத்தி உருவினால் என்ன ஆகும் என்பதை, மெதுவாகத் தடவுவது பற்றிய கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

யாரிடம் போவது? அழகு நிலையத்தில் செய்கிறவர்களுக்குத் தெரியாதா?

சான்றிதழைவிட முதல் பத்து நிமிடங்களை நான் அதிகம் நம்புகிறேன். இதயம், சிறுநீரகம், இரத்தக் கட்டி, புற்றுநோய், உண்ணும் மருந்துகள் ஆகியவற்றைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் படுக்கச் சொன்னால், அந்த இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். வீக்கம் உள்ளவர்கள், நிணநீர் வீக்கச் சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற இயன்முறை மருத்துவரிடம்தான் போக வேண்டும். அந்தப் பயிற்சி எவ்வளவு காலம் என்றும் கேளுங்கள். வட அமெரிக்காவில் இதற்கான சான்றுத் தேர்வு எழுதவே 135 மணி நேரப் பயிற்சி தேவை. ஓரிரு நாள் பயிலரங்கு இதற்கு ஈடாகாது.

கர்ப்பமாக இருக்கிறேன், பாதம் வீங்கியிருக்கிறது. செய்யலாமா?

கடைசி மாதங்களில் பாதம் வீங்குவது சகஜம். ஆனால் முகமும் கையும் திடீரென வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். கர்ப்பகால இரத்த அழுத்தக் கோளாறின் அடையாளமாக அது இருக்கலாம். மகப்பேறு மருத்துவர் சம்மதித்தால் கால்களுக்கு மட்டும், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்த நிலையில் செய்யலாம். வயிற்றுப் பகுதி வேண்டாம்.

வீட்டிலேயே நானே செய்துகொள்ளலாமா?

செய்துகொள்ளலாம், ஆனால் ஒருமுறையாவது பயிற்சி பெற்றவர் முன் செய்து காட்டித் திருத்திக்கொண்ட பிறகு. அக்குள் கணுக்கள் அகற்றப்பட்டவர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வயிறு உயர்ந்து தாழுமாறு ஆழ்ந்து சில முறை மூச்சு விட வேண்டும். பிறகு காறையெலும்புக்கு மேலுள்ள குழியில் விரல்களைத் தட்டையாக வைத்துத் தோலை மெல்ல நகர்த்த வேண்டும். அடுத்து, நலமாக உள்ள பக்கத்து அக்குள். அதன் பிறகு மார்பின் குறுக்காக அந்த அக்குளை நோக்கியும், கணுக்கள் அகற்றப்பட்ட பக்கத்தில் விலாவோரமாக அந்தப் பக்கத் தொடையிடுக்கை நோக்கியும் நீவ வேண்டும். மூடிய வழியை விட்டு, திறந்திருக்கும் வழிகளுக்கு நீரைத் திருப்புவதே இதன் நோக்கம். கை கடைசியில்தான் வரும்.

கை நகரும்போது தோலின் மேல் சறுக்குகிறதா, தோலும் கூடவே நகர்கிறதா என்று பாருங்கள். தோலும் நகர்ந்தால் சரியாகச் செய்கிறீர்கள்.

பல வருடமாகக் கால் மரக்கட்டைபோல் இறுகிவிட்டது. இனிமேல் ஏதாவது பயன் உண்டா?

தேங்கிய புரதநீரால் காலப்போக்கில் திசு நார்த்தன்மை அடைந்து, கொழுப்பும் படிந்துவிடுகிறது. அவை மசாஜால் வடியாது. பழைய அளவுக்குக் கால் திரும்பும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். ஆனால் அத்தகைய கால்களிலும் நீரின் பங்கு ஓரளவு இருக்கவே செய்கிறது. முறையான கட்டால் தோல் மிருதுவாகி, முழங்கால் மடங்கி, செருப்பு மீண்டும் நுழையும் அளவுக்கு மாற்றம் வரலாம். அடிக்கடி வந்த காய்ச்சல் நின்றுபோவதையே பலர் பெரிய பலனாகச் சொல்கிறார்கள். மிகவும் முற்றிய நிலையில் அறுவை சிகிச்சையும் உண்டு. ஆனால் அதன் பிறகும் அழுத்த உறை அணிவதை விட முடியாது.

சிகிச்சை பாதியில் இருக்கும்போது காய்ச்சல் வந்துவிட்டது. விட்ட நாளை ஈடுகட்ட உடனே வரலாமா?

வராதீர்கள். கால் சிவந்து, தொட்டால் சூடாக, வலியோடு இருந்தால் அது தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று. கட்டை அவிழ்த்துவிட்டு, காலை உயர்த்தி வைத்துக்கொண்டு, அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும். நடுக்கமோ மயக்கமோ இருந்தால் இரவானாலும் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். காய்ச்சல் விட்டு, சிவப்பும் சூடும் தணிந்து, மருத்துவர் சரி என்ற பிறகே மசாஜைத் தொடர வேண்டும். இடையில் கால் மீண்டும் பருத்திருக்கும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். புதிதாக அளவெடுத்து, அந்த அளவிலிருந்தே தொடங்குவோம்.